நாடுகளின் நல்வாழ்வை எப்படி அளக்கிறார்கள்? கடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, பாகூர் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்புவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. இப்போது மஞ்சக்குப்பத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். "இந்தியாவுக்கு 130-வது இடம்", "118-வது இடம்" என்று செய்தி வரும்போதெல்லாம் வகுப்பிலும் சரி, உறவுக்காரர் கல்யாணத்திலும் சரி, அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரவர் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு நாடு நல்லா இருக்குதா இல்லையான்னு எதை வச்சு மேடம் சொல்றாங்க?

மூன்று வழி உண்டு. முதலாவது, பணத்தை எண்ணுவது: மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜி.டி.பி. இரண்டாவது, ஆயுள், படிப்பு, சத்துணவு, கழிப்பறை என்று வாழ்க்கைக்கு வேண்டியது கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, மக்களிடமே போய் "உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று கேட்பது.

செய்திகளில் இந்த மூன்றும் கலந்துவிடுகின்றன. 2025 அறிக்கைகளில் வந்த 130 என்பது மனித மேம்பாட்டுக் குறியீட்டில் நம் இடம். அது இரண்டாவது வகை. 118 என்பது உலக மகிழ்ச்சி அறிக்கையில். அது மூன்றாவது வகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "முன்னேறினோமா, பின்தங்கினோமா" என்று பேசுவதில் பொருள் இல்லை.

நாட்டோட வருமானம் ஏறுதுன்னா சனங்க நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதலில் சொன்னவரே தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்தான். சைமன் குஸ்நெட்ஸ் 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, வருமானத்தை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தைக் கணிக்க முடியாது என்று எழுதினார்.

நம் ஊரில் இதைப் புரியவைக்க 'தானே' என்ற புயல் போதும். 2011 டிசம்பர் 30 விடியலில் அது கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதன்பின் மின்கம்பம் நட்டது, கூரைக்கு ஷீட் வாங்கியது, விழுந்த மரத்தை அறுத்து லாரியில் ஏற்றியது எல்லாமே உற்பத்திக் கணக்கில் வரவு. தாத்தா நட்டு மூன்று தலைமுறை காய்த்த பலா மரம் போன இழப்பு அந்தக் கணக்கில் எங்குமே கழிக்கப்படாது. அடுத்த வருடங்களில் காய் வராததுதான் விளைச்சல் குறைவாகத் தெரியும். ஜி.டி.பி. இந்த வருடம் என்ன நடந்தது என்பதை எண்ணும். கையில் இருந்த சொத்து கரைந்ததை எண்ணாது.

இன்னொன்றும் சொல்கிறேன். கடலூர்க்காரர் முள்ளோடை எல்லை தாண்டிக் கன்னியக்கோயிலில் சாராயம் வாங்கினால் புதுச்சேரியின் கணக்கு ஏறும். பிறகு ஈரல் கெட்டுக் கடலூரில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டினால் தமிழ்நாட்டின் கணக்கு ஏறும். இரண்டு பக்கமும் ஏறுகிறது. இறங்குவது அந்த வீடு மட்டும்தான்.

வீட்ல நாள் முழுக்க வேலை செய்யற பொம்பளைங்க உழைப்பு அதுல வருமா?

வராது. சமையலுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் வரும். அதே சமையலை அம்மா செய்தால் வராது. 2019-ல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருந்தார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். அதுவும், அந்த வேலையைத் தொட்ட பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். இத்தனை மணி நேரத்துக்கும் நாட்டு வருமானத்தில் ஒரு ரூபாய் மதிப்புகூட இல்லை. இது சின்னக் குறை இல்லை, பெரிய குறை என்பது என் எண்ணம்.

சரி, மனித மேம்பாட்டுக் குறியீடுன்னா என்ன?

1990-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட ஆரம்பித்தது. பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று நடத்தினார். அமர்த்தியா சென் உடன் நின்றார். பணம் ஒரு கருவிதான், நீண்ட ஆயுளும் அறிவும் கௌரவமான வாழ்க்கையும்தான் இலக்கு என்பது அடிப்படை. அதனால் மூன்றைப் பார்க்கிறார்கள்: ஆயுள், கல்வி, தலைக்குரிய வருமானம். குறியீடு 0-லிருந்து 1-க்குள் இருக்கும்.

2025 மே மாதம் வந்த அறிக்கை 2023-ம் ஆண்டுக்கானது. அதில் இந்தியா 0.685, 193 நாடுகளில் 130. முதலிடம் ஐஸ்லாந்து, 0.972.

ஆயுள் 72ன்னா எல்லாரும் 72ல போயிடுவாங்களா? எங்க ஆயாவுக்கு 81 ஆவுதே?

ஆயா நூறு தாண்டட்டும். 72 என்பது பிறக்கும் குழந்தைக்கான சராசரி. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று பிறந்த அன்றே போய்விட்டது, இன்னொன்று 80 வயது வாழ்ந்தது என்றால் சராசரி 40. அந்த வீட்டில் 40 வயதில் யாரும் சாகவில்லை. ஆகவே ஒரு நாட்டின் ஆயுள் கணக்கு குறைவாக இருந்தால் கிழவர்கள் சீக்கிரம் போகிறார்கள் என்பதைவிடக் குழந்தைகள் போகிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். இதை நினைவில் வையுங்கள். கடைசிக் கேள்வியில் திரும்ப வரும்.

0.685ன்னு ஒரு நம்பர் எங்கிருந்து வருது? கணக்கு போட்டுக் காட்டுங்க.

கரும்பலகையில் போட்டதை அப்படியே தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை வைத்திருக்கிறார்கள். ஆயுளுக்கு 20, 85. நம் 72-ல் 20-ஐக் கழித்தால் 52. அதை 65-ஆல் வகுத்தால் 0.80.

கல்வியில் இரண்டு உண்டு. 25 வயது தாண்டியவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு படித்திருக்கிறார்கள்: 6.9. மேலெல்லை 15 என்பதால் 0.46. இன்று பள்ளியில் சேரும் குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும் என்று எதிர்பார்க்கலாம்: 13. மேலெல்லை 18 என்பதால் 0.72. இரண்டின் சராசரி 0.59. வருமானம், வாங்கும் திறன் டாலரில் சுமார் 9,047. 100-க்கும் 75,000-க்கும் நடுவே மடக்கை (லாக்) எடுத்தால் 0.68. மூன்றையும் பெருக்கினால் 0.321. அதன் கனமூலம் 0.685.

இதில் எது கீழே இழுக்கிறது என்று பாருங்கள்: அந்த 0.46. மூன்றாம் வகுப்போடு நின்று முந்திரி உடைக்கப் போன குறிஞ்சிப்பாடி ஆயாவும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார். இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்தாலும் அந்த எண் மெதுவாகத்தான் ஏறும். ஐம்பது வருடத்துக்கு முன் மூடியிருந்த பள்ளிக் கதவு இன்றைய குறியீட்டில் இருக்கிறது.

வருமானத்துக்கு மட்டும் ஏன் மடக்கை?

மாதம் ஐயாயிரம் வரும் வீட்டுக்கு இன்னொரு ஐயாயிரம் வந்தால் அடுப்பே மாறும். ஒரு லட்சம் வரும் வீட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மடக்கை போட்டால் வருமானம் இரட்டிப்பாவது எங்கே நடந்தாலும் ஒரே உயரப் படியாகிவிடும்.

ஏன் பெருக்கணும்? கூட்டி மூணால வகுத்தா போதாதா?

2010 வரை அப்படித்தான் செய்தார்கள். அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு நாட்டுக்கு வருமானம் 0.9, ஆயுள் 0.9, கல்வி 0.3 என்று வையுங்கள். கூட்டுச் சராசரி 0.70 வரும், பணக்கார நாடு படிப்பில்லாமலேயே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். பெருக்குச் சராசரி எடுத்தால் 0.62. ஒன்றில் மோசமாக இருந்தால் மற்றொன்று அதை முழுசாக மறைக்க முடியாது. எனக்கு இந்த மாற்றம் சரியென்றே படுகிறது.

பிரான்சுல ஒரு காபி விலைக்கு இங்க நாலு பேர் டிபன் சாப்பிடலாம். ரெண்டு நாட்டு வருமானத்தை எப்படி ஒப்பிடறது?

புதுச்சேரிக்காரர்களுக்கு இது ரத்தத்திலேயே தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா குடும்பங்களைப் பாருங்கள். பாரீசில் வாடகைக்கே இழுபறியாகும் ஒரு பென்ஷன், முத்தியால்பேட்டையில் ஒரு குடும்பத்தை நிம்மதியாக நடத்திவிடும்.

அதற்காகத்தான் வாங்கும் திறன் சமநிலை. ஒரே மாதிரிப் பொருள்களின் விலையை நாடு நாடாகத் திரட்டுகிறார்கள். உலக வங்கி ஒருங்கிணைக்கிறது. 2017-ம் ஆண்டுச் சுற்றில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது இந்தியாவில் 20.65 ரூபாய்க்குக் கிடைப்பதாகக் கணக்கு வந்தது. சந்தையில் அப்போது டாலர் சுமார் 65 ரூபாய். மேலே சொன்ன 9,047 டாலர் இந்த வகை டாலர்தான். அதைச் சந்தை விலையில் ரூபாயாக மாற்றிப் பார்த்து "இவ்வளவு யார் சம்பாதிக்கிறார்கள்?" என்று கோபப்படாதீர்கள்.

எங்க வீடு ஓடறதே சிங்கப்பூர் பணத்துலதான். அது இந்தக் கணக்குல இருக்குதா?

பெரும்பாலும் இல்லை. குறியீட்டில் எடுப்பது மொத்த தேசிய வருமானம். ஓராண்டுக்குக் குறைவாக வெளிநாடு போய் வேலை செய்தவர் சம்பளம் அதில் வரும். வருடக்கணக்காக அங்கேயே இருப்பவர் அந்த நாட்டு வாசியாகிவிடுகிறார். அவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் பரிமாற்றம் என்ற வேறு தலைப்பில் போய்விடும். முன் பதிலில் சொன்ன பிரெஞ்சு பென்ஷனும் அப்படியே. பரங்கிப்பேட்டைத் தெருக்களில் வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விடுபடல் என்று தெரியும். ஆனால் அந்தப் பணத்தில் பிள்ளை படித்தால் கல்வியிலும், ஆயாவுக்கு வைத்தியம் நடந்தால் ஆயுளிலும் அதன் பலன் கணக்கில் வந்துவிடுகிறது.

இலங்கை 2022ல கடனே கட்ட முடியாம நின்னுச்சே, அது எப்படி நமக்கு மேல?

2025-ல் வந்த அதே மனித மேம்பாட்டு அறிக்கையில் இலங்கை 89-வது, 0.776. அங்கே ஆயுள் 77-ஐத் தாண்டுகிறது. பெரியவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் படித்தவர்கள். 1940-களிலேயே இலவசக் கல்வி கொண்டுவந்த நாடு அது. கஜானா ஒரே வருடத்தில் காலியாகலாம். படித்த படிப்பு அப்படிக் காலியாகாது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவரும் பத்தாம் வகுப்புப் படித்தவர்தான். இந்தக் குறியீட்டின் பலமும் இதுவே, பலவீனமும் இதுவே: திடீர்க் கஷ்டம் இதில் சரியாகத் தெரியாது.

போன அறிக்கையில 0.644, இப்ப 0.685. ஒரே வருஷத்துல இவ்வளவு ஏறிட்டோமா?

தேர்வு எழுதும் பிள்ளைகள் விழும் பள்ளம் இது. முந்தைய அறிக்கை 2022-ம் ஆண்டுக்கு 0.644, 134-வது இடம் என்றது. புதிய அறிக்கை அதே 2022-ஐத் திருத்தப்பட்ட தரவுகளோடு மறுபடி கணக்கிட்டு 0.676, 133-வது இடம் என்கிறது. அப்படியானால் உண்மையான ஏற்றம் 0.676-லிருந்து 0.685. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் எதிரெதிரே வைக்கவே கூடாது. ஒரே அறிக்கைக்குள் இருக்கும் பல ஆண்டு வரிசையைத்தான் பார்க்க வேண்டும். இடமும் அப்படித்தான். பக்கத்து நாடு சறுக்கினால் நாம் ஒன்றும் செய்யாமலேயே ஒரு இடம் ஏறுவோம்.

பின்லாந்துல பாதி வருஷம் குளிரு, இருட்டு. அவங்க எப்படி உலகத்துலயே சந்தோஷமானவங்க?

பெயர்தான் குழப்புகிறது. 2012 முதல் வரும் அந்த உலக மகிழ்ச்சி அறிக்கை சிரிப்பை அளப்பதில்லை. கேட்பது ஒரே கேள்வி: "ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படி 10, உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" இதை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில். மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரிதான் மதிப்பெண். 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு அறிக்கையிலும் பின்லாந்து முதலிடம்.

வருமானம், ஆரோக்கிய ஆயுள், கஷ்டத்தில் கைகொடுக்க ஆள், சுதந்திரம், ஈகை, ஊழல் என்று ஆறு காரணங்களைக் கூட்டித்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்று பல வழிகாட்டி நூல்களில் அச்சடித்திருக்கிறார்கள். தவறு. அந்த ஆறும் நாடுகளுக்கு நடுவே வித்தியாசம் ஏன் என்று விளக்கப் பின்னால் பயன்படுபவை. மதிப்பெண் ஏணிப் பதிலிலிருந்து மட்டுமே வருகிறது.

என்கிட்ட யாரும் ஏணி கேக்கலையே? ஆயிரம் பேரைக் கேட்டு 140 கோடி பேரைப் பத்திச் சொல்றதா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும், அல்லது நன்றாகக் கிளறி எடுக்க வேண்டும். கிளறுவது என்பது யாரைக் கேட்பது என்று சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுப்பது. கேட்கப் போனவர் வெயிலுக்குப் பயந்து ரோட்டோர வீடுகளை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் லட்சம் பேரைக் கேட்டும் பயனில்லை. இதை என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. நாடு முழுமைக்கும் ஆயிரம் பேர் என்றால், 2011 மக்கள்தொகைப்படி 26 லட்சம் பேர் இருந்த கடலூர் மாவட்டத்தின் பங்கு இரண்டே பேர். நாட்டுக்குச் சொல்லலாம், கடலூருக்கு இதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

ஏணின்னா நம்ம ஊர் ஜனங்களுக்குப் புரியுமா?

வகுப்புப் பிள்ளைகள் இருவரைத் தேவனாம்பட்டினத்துக்கு அனுப்பிக் கேட்டு வரச் சொன்னேன். கூடையில் சங்கரா வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மா திருப்பிக் கேட்டாராம்: "எந்த மாசத்தைக் கேக்கற? தடைக்காலத்துலயா, அதுக்கப்புறமா?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அதே வீட்டை மே மாதம் கேட்டால் 3, ஆகஸ்டில் கேட்டால் 6 என்று சொல்லக்கூடும். இன்னொருவர், "எம்மவன் எந்தப் படியோ அதான் என் படி" என்றார்.

எனக்கு அது தப்பான பதிலாகப் படவில்லை. வாழ்க்கையைத் தனியாளாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இல்லை. நாடுகளை ஒப்பிடும்போது இந்த வித்தியாசமும் எண்ணுக்குள் கலந்தே வருகிறது. அதனால் ஏணியைத் தூக்கிப் போட வேண்டாம், 4.3-க்கும் 4.4-க்கும் சண்டை போடாமல், 4-க்கும் 7-க்கும் நடுவே இருக்கும் தூரத்தை மட்டும் நம்பலாம்.

சராசரி நல்லா இருந்தா ஏழைக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எழுத்தறிவு 2011-ல் 85.85 சதவீதம். ஆனால் கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில் 97-க்கு மேல். ஆந்திரப் பக்கத்து ஏனாமில் 80-ஐ எட்டவில்லை. ஒரே எண், அதற்குள் வேறு வேறு ஊர்.

இதற்காகவே ஏற்றத்தாழ்வைக் கழித்த மனித மேம்பாட்டுக் குறியீடு என்று ஒன்றும் தருகிறார்கள். அதில் இந்தியாவின் 0.685, 0.475 ஆகிறது. 30.7 சதவீதம் போய்விடுகிறது. செய்தித்தாள்கள் 130-ஐத் தலைப்பில் போடுகின்றன; என்னைக் கேட்டால் தலைப்பில் இருக்க வேண்டியது இந்த 30.7.

தமிழ்நாட்டுல ஏழைங்க 2.2 சதவீதம்தான்னு படிச்சேன். நம்பலாமா? எங்க ஊரு காத்தே நாறுதே!

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கு அது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது: தமிழ்நாடு 2.20, புதுச்சேரி 0.85, இந்தியா 14.96 சதவீதம். சத்துணவு, பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு என 12 விஷயங்களைப் பார்த்து, எடைபோட்டு, மூன்றில் ஒரு பங்கு இல்லாத குடும்பத்தையே ஏழை என்கிறார்கள். கொஞ்சம் குறைவாக இல்லாதவர் ஏழை இல்லை என்றாகிவிடும். அதனால் 2.2-ஐ "மற்ற 97.8 பேரும் வசதி" என்று படிக்கக் கூடாது.

காற்று அந்த 12-ல் இல்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிய முட்டை வாடையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அங்கே காஸ் அடுப்பு, கழிப்பறை, கரண்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் உண்டு. என் படிவத்தில் வாடைக்குக் கட்டம் இல்லை. ஐ.நா. 2020 முதல் பூமிக்கு ஏற்றும் சுமையைக் கழித்து ஒரு குறியீடு தருகிறது. முதல் முறை அதில் நார்வே 15 இடம் இறங்கியது. ஆனால் அது ஒரு நாடு விடும் கரியையும் தின்னும் பொருளையும் அளக்கிறது. ஒரு தெருவின் மூக்கை அளக்கவில்லை.

அப்ப எல்லாத்தையும் சேர்த்து ஒரே நல்ல நம்பர் கிடையாதா?

தேடியவர்கள் உண்டு. அப்போதைய பிரான்ஸ் அதிபர் சார்க்கோசி 2008-ல் பொருளாதார அறிஞர்கள் ஸ்டிக்லிட்ஸ், அமர்த்தியா சென், பித்தூசி மூவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். 2009-ல் அவர்கள் சொன்னது: ஒரே எண் வேண்டாம், காரின் டாஷ்போர்டில் வேகமும் டீசலும் தனித்தனி முள்ளாக இருப்பதுபோல் பலவற்றைத் தனித்தனியாகக் காட்டுங்கள். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பான ஓ.இ.சி.டி. 2011-ல் 11 தலைப்புகளில் ஒரு குறியீடு வைத்து, எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பார்ப்பவரிடமே விட்டது. பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சி ஒன்பது துறைகளைப் பார்க்கிறது. நேரம், பண்பாடு, சமூக உறவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது பூட்டான் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வைத்த கண்ணாடி, நாடுகளை வரிசைப்படுத்த அல்ல.

வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தா என்ன சொல்லணும்? ரேஷன் கார்டைப் புடுங்கிடுவாங்களா?

பிடுங்க மாட்டார்கள். இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் சொல்வது உங்கள் பெயரோடு வெளியே போகாது. வயதையும் படித்த வகுப்பையும் சரியாகச் சொல்லுங்கள். இறந்துபோன பிள்ளையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

பண்ருட்டி பக்கம் ஒரு வீடு. அக்காவுக்கு இரண்டு பெண்கள். "பிறந்து தவறிய குழந்தை ஏதாவது?" என்று வழக்கப்படி கேட்டேன், மாமியார் பக்கத்தில் இருந்தார், அக்கா இல்லை என்று தலையாட்டினார். படிவத்தை மூடி, தண்ணீர் குடித்து, முந்திரித் தோப்பு தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டேன். பின்னாலேயே ஓடி வந்து என் சைக்கிள் கேரியரைப் பிடித்தார். "ஒரு பையன் இருந்தான். பதினோரு நாள். எழுதிக்குங்க." அங்கேயே வண்டியை ஸ்டாண்டு போட்டு, சீட்டின் மேல் படிவத்தை விரித்து, அந்த வரியைச் சேர்த்தேன். பெயர் வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.